பொன்னாடைக்கு முன்னால் பத்து நிமிடம்

எங்கள் சங்கத்தில் சில வாரங்களாக ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. வியாழக்கிழமை காலைச் சிற்றுண்டிக் கூட்டத்தில் சிறப்பு விருந்தினர் பேசி முடித்த பிறகு, உறுப்பினர்கள் கேள்வி கேட்க நேரம் ஒதுக்க வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அது. வெளியில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றும். பத்து நிமிடம் கூடப் போனால் என்ன, குறைந்தால் என்ன? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் விடியற்காலையில் எழுந்து குளித்து, வண்டியை எடுத்துக்கொண்டு வாரா வாரம் கடலூர் மஞ்சக்குப்பம் போவதற்கே அர்த்தமில்லை என்பது என் கட்சி. நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னபோது பாதியிலேயே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. முழுதாகச் சொல்ல எழுத்துதான் சரி என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கடலூரில் ரோட்டரி, அரிமா, ஜேசீஸ் என்று எல்லாச் சங்கங்களும் உண்டு. நான் எதில் இருக்கிறேன் என்பது இங்கே முக்கியமில்லை. நடைமுறை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரும்பாலானவை மாலையில் கூடுகின்றன. எங்களுடையது காலையில் கூடுவது. கடை திறக்கிறவர்கள், பள்ளி நடத்துகிறவர்கள், கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர்கள் என்று பகலில் நகர முடியாதவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. மாலைக் கூட்டம் என்றால் சாப்பாடு வரை நீட்டிக்கொண்டே போகலாம். காலைக் கூட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. ஏழு மணிக்கு இட்லி, பொங்கல், வடை. ஏழரைக்குத் தலைவர் மணி அடிப்பார். தமிழ்த்தாய் வாழ்த்து, செயலாளர் அறிக்கை, அந்த வாரம் பிறந்தநாளும் திருமண நாளும் கொண்டாடுபவர்களுக்கு வாழ்த்து, பிறகு விருந்தினர் அறிமுகம், உரை, நன்றியுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, புகைப்படம், நாட்டுப்பண். எட்டரைக்கு இரண்டாவது மணி. எட்டு முப்பத்தைந்துக்கு மண்டபத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

நான் சிறிய அச்சகம் நடத்துகிறேன். சங்கத்தின் அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், உறுப்பினர் கையேடு எல்லாம் என் கடையில்தான் அச்சாகின்றன. இந்த ஆண்டு பேச்சாளர்களை அழைக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. வழக்கமாக யாரை அழைப்போம் என்பது ஊரில் சங்கக் கூட்டம் பார்த்த யாருக்கும் தெரியும். மருத்துவர், வங்கி மேலாளர், கல்லூரி முதல்வர், பதவியில் இருக்கும் அதிகாரி. அவர்களுடைய பட்டங்களையும் பதவிகளையும் ஒருவர் எழுந்து ஏழெட்டு நிமிடம் வாசிப்பார். அவர் முடித்ததும் விருந்தினர், நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித் தொடங்குவார். நல்ல பேச்சாகவே பல இருந்திருக்கின்றன. சர்க்கரை நோய் பற்றியும், வருமான வரி பற்றியும், பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கம் பற்றியும் பயனுள்ள செய்திகளைக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த மனிதர் படி இறங்குவதற்குள் அவர் சொன்னதும் இறங்கிவிடும். அடுத்த வியாழன் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. புகைப்படம் மட்டும் நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வரும்.

இது ஏன் என்பதுதான் என்னை விடாமல் அரித்த கேள்வி. எங்கள் உறுப்பினர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்து பண்ணுருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தபோது, தங்கள் வீட்டு ஓடு பறந்ததைக்கூடப் பார்க்காமல் ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் இவர்கள். 2015 வெள்ளத்தில் மாவு மூட்டை சுமந்தவர்கள். கொடுக்கச் சொன்னால் கொடுக்கிறவர்கள், ஓடச் சொன்னால் ஓடுகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் முன்னால் வாரா வாரம் ஒருவர் வந்து பேசுகிறார். அதிலிருந்து ஒரு காரியமும் பிறக்கவில்லை என்றால் கோளாறு கேட்பவர்களிடம் இல்லை, கூட்டம் நடக்கும் முறையில் இருக்கிறது. சென்ற மார்கழியில் வந்த ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் இதை எனக்கு உறுதிப்படுத்திவிட்டுப் போனார்.

குளிர்பெட்டி

போலியோ பற்றிப் பேச ஒருவர் வேண்டும் என்று குழுவில் முடிவானபோது, குழந்தை மருத்துவர் ஒருவரை அழைக்கலாம் என்றார்கள். வீடு வீடாகப் போனவர் பேசட்டும் என்று நான் கேட்டேன். கடலூர் ஒன்றியத்தில் துணை சுகாதார நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். 1995 இல் பல்ஸ் போலியோ முகாம் நாடு முழுவதும் தொடங்கியபோது பணியில் இருந்தவர். பட்டம், பதவி என்று வாசிக்க அதிகம் இல்லாததால் அன்றைக்கு அறிமுகம் ஒரே நிமிடத்தில் முடிந்தது. வரும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கிய நீலநிறக் குளிர்பெட்டி ஒன்றைக் கையில் கொண்டுவந்திருந்தார். காபி டம்ளர்களை நகர்த்தி மேசை நடுவில் அதை வைத்துத் திறந்தார். உள்ளே நான்கு பக்கமும் நான்கு ஐஸ் பொதிகள். நடுவில் சிறிய உறை. உறைக்குள் விரல் நீளத்துக்குக் கண்ணாடிக் குப்பிகள்.

காலியான இரண்டு குப்பிகளைக் கைமாற்றிப் பார்க்கச் சொன்னார். ஒவ்வொன்றின் லேபிளிலும் பொட்டு அளவுக்கு ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு சதுரம். ஒரு குப்பியில் வட்டம் கருநீலமாகவும் உள்ளே இருந்த சதுரம் வெளிறியும் இருந்தன. இன்னொன்றில் சதுரமும் வட்டமும் ஒரே நிறமாகியிருந்தன. குப்பி வெப்பத்தில் கிடக்கக் கிடக்கச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். 1996 முதல் போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் இந்த அடையாளம் இருக்கிறது. "சித்திரை மாதத்து வெயிலில் படகுக்குக் காத்திருக்கும்போது இந்தச் சதுரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். உப்பனாற்றைத் தாண்டி ஒரு மீனவக் குப்பத்துக்குப் படகில் போக வேண்டிய காலம் அது. படகோட்டி வரத் தாமதமானால் புடவைத் தலைப்பைப் பெட்டி மேல் போட்டு மூடிக்கொண்டு நிற்பாராம்.

முகாம் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். குப்பத்தில் அந்த நேரத்தில் அப்பா கடலில் இருப்பார், அம்மா மீன் கூடையோடு சந்தைக்குக் கிளம்பியிருப்பார், குழந்தை பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கும். தூங்கும் குழந்தையை எழுப்பப் பாட்டி சம்மதிக்கமாட்டார். ஆகவே முகாம் நாளில் கிடைக்காத வீடுகளை மறுநாளும் அதற்கு மறுநாளும் தேடிப் போக வேண்டும். மருந்து கொடுத்த குழந்தையின் இடது கைச் சுண்டுவிரலில் மை. எல்லாக் குழந்தைகளும் முடிந்த வீட்டுக் கதவில் ஒரு குறி, ஒரு குழந்தை பாக்கி என்றாலும் வேறு குறி, சாக்குக்கட்டியால். 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தபோது அவர் ஆண்டுக்கணக்கில் கையால் எழுதி வைத்திருந்த வீட்டுப் பட்டியல் ஒரே காலையில் பொய்யாகிப் போனது. வீடுகள் இல்லை, குடும்பங்கள் முகாமிலும் உறவினர் ஊரிலும் சிதறிவிட்டன. எந்தக் குழந்தை உயிரோடு இருக்கிறது, எந்தக் குழந்தை இடம் மாறியிருக்கிறது என்று மீண்டும் ஒன்றிலிருந்து எழுதினார். இதைச் சொல்லும்போது குரல் மாறவில்லை. நாங்கள்தான் வடையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"பட்டியலில் இருக்கும் குழந்தையைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. ஓடி ஒளிந்தாலும் பிடித்துவிடுவேன். பட்டியலிலேயே இல்லாத குழந்தையைத் தேடி நான் எங்கே போவது?" இந்த வாக்கியத்தோடு உரையை முடித்தார். மணி எட்டு இருபது.

"ஆட்கள் எப்போது வந்து இறங்குவார்கள்?"

செயலாளர் நன்றியுரைக்கு எழுந்தார். தலைவர் பொன்னாடையைப் பிரித்துக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அந்த அம்மா, "ஒரு நிமிடம் சார். யாருக்கும் சந்தேகம் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டார். மண்டபத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி கேட்பது எங்கள் நிரலில் இல்லாத பழக்கம். அவர் உட்காரவில்லை. "பயிற்சிக் கூட்டத்தில் யாரும் சந்தேகம் கேட்காவிட்டால் நான் திரும்பவும் முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பேன்" என்றார். சிரிப்பு எழுந்தது. கடைசி வரிசையிலிருந்து எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் கை தூக்கினார். பெண்ணையாற்றுப் பக்கம் செங்கல் சூளை வைத்திருப்பவர். "போலியோதான் நம் நாட்டில் ஒழிந்துவிட்டதே அம்மா. இன்னும் எதற்கு ஆண்டுக்கு ஆண்டு சொட்டு மருந்து?"

நல்ல கேள்வி. செவிலியர் சொன்ன பதிலும் அப்படியே மனதில் நிற்கிறது. 2009 இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அடுத்த ஆண்டு 42. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை, அதுதான் கடைசி. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவைச் சேர்த்துத் தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதையும் போலியோ அற்றதாக அறிவித்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அந்தக் கிருமி இன்னும் இருக்கிறது. அது தொற்றும் சுமார் இருநூறு பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழும். மற்றவர்கள் வெளியில் தெரியாமலேயே பரப்பிக்கொண்டிருப்பார்கள். ஒரு குழந்தை நொண்டுவதை நாம் பார்க்கும்போது கிருமி தெருத் தெருவாகப் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால்தான் விட்டுப்போன குழந்தை யார் என்று தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பதில் சொன்ன கையோடு அவர் திருப்பிக் கேட்டார். "ஐயா, உங்களுக்கு என்ன தொழில்?" சூளை என்றார். "ஆட்கள் எப்போது வந்து இறங்குவார்கள்?" பொங்கல் முடிந்ததும் என்றார். "எத்தனை குடும்பம்?" மேஸ்திரியைக் கேட்டால் தெரியும் என்றார். "குழந்தைகள் எத்தனை?" அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மறைக்காமல் சொன்னார்: "ஜோடிக்கு இவ்வளவு என்று முன்பணம் கொடுப்போம் அம்மா. சுடாத பச்சைக்கல் எத்தனை அறுத்தார்கள் என்று வாரா வாரம் கணக்குப் பார்ப்போம். குழந்தைகளை நாங்கள் எண்ணியதில்லை."

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த இடத்துக்காகத்தான். செவிலியர் தன் பகுதியில் உள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பட்டியலை மார்கழிக்குள் சரிபார்த்து வைக்கிறார். சூளைக்கு ஆள் இறங்குவது தையில். சொட்டு மருந்து முகாம் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வருகிறது. சொந்த ஊர்ச் செவிலியர் அந்தக் குடும்பத்தின் கதவைத் தட்டும்போது வீடு பூட்டியிருக்கும். இங்கே இருப்பவரின் பட்டியலில் அந்தக் குடும்பம் ஏறியிருக்காது. இரண்டு பட்டியலுக்கும் நடுவில் அந்தக் குழந்தை பச்சைக்கல் அடுக்கின் நிழலில் விளையாடிக்கொண்டிருக்கும். சூளையை ஏதோ தொலைவில் இருக்கும் ஊர் என்று நினைத்துக்கொண்டு பல பேச்சாளர்கள் "புலம்பெயர் தொழிலாளர்" பற்றி எங்களுக்கு உரையாற்றியிருக்கிறார்கள். அந்தச் சூளையின் முதலாளி எங்களோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"என்ன செய்ய வேண்டும் சொல்லுங்கள்" என்றார் அவர். ஐஸ் பெட்டி வாங்கித் தரட்டுமா, பந்தல் போடட்டுமா என்று இரண்டு பேர் இடையில் கேட்டார்கள். அந்த அம்மா கையசைத்து மறுத்துவிட்டார். "ஒன்றும் வாங்கித் தர வேண்டாம். மேஸ்திரியின் செல்போன் எண் கொடுங்கள். லாரியில் ஆட்கள் வந்து இறங்கும் அன்றைக்கு எங்கள் செவிலியருக்கு ஒரு போன் வர வேண்டும். அது போதும்."

பிறகு அவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் இருந்தார்; அவருடைய வேலையிடத்தில் தகரக் கொட்டகைகளில் குடும்பங்கள் தங்கியிருந்தன. முந்திரி உடைக்கும் தொழில் செய்பவர் இருந்தார். கரும்பு வெட்ட வெளி மாவட்டத்திலிருந்து ஆள் அழைத்து வருபவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் இருந்தார். ஐஸ் தொழிற்சாலை, அரிசி ஆலை, ஓட்டல். எழுதிக்கொள்ளக் காகிதம் கேட்டார். நிகழ்ச்சி நிரல் அச்சிட்ட தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தைக் கொடுத்தேன். ஸ்கேல் இல்லாமல், குளிர்பெட்டியின் மூடியை ஓரமாக வைத்து நேராக நான்கு கோடு இழுத்தார். தொழில், இடம், ஆள் இறங்கும் மாதம், யாரைக் கூப்பிடுவது. கட்டம் கட்டமாக நிரப்பினார். எண்களை எழுதியதும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். பள்ளிக்குப் போக வேண்டியவர்களும் கடை திறக்க வேண்டியவர்களும் எட்டரைக்கு எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்றவர்கள் அவரைச் சுற்றி நின்றோம். தலைவர் இரண்டாவது மணியை அடிக்கும்போது ஒன்பதை நெருங்கிவிட்டது. பொன்னாடை அதற்கும் பிறகுதான் போர்த்தப்பட்டது.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

கேள்வி நேரம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நான் மதிப்பவர்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் உள்ளதும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர், வீடு தேடி வந்த விருந்தாளியைக் குறுக்கு விசாரணை செய்வது நம் மரபில்லை என்றார். சங்கடப்படுத்தும் கேள்விக்குப் பயந்து பெரிய மனிதர்கள் வரமாட்டார்கள் என்றார் இன்னொருவர். கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் பிரசங்கம் செய்யும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு, இங்கேயும் உண்டு என்றார் பொருளாளர். இது உண்மை. கேள்வியே இல்லாமல் முடியும் கேள்விகளை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஒரு வழியும் சொன்னேன். என் அச்சகத்தில் காகிதம் வெட்டும்போது மிஞ்சும் துண்டுத் தாள்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கு ஒன்று வைத்துவிடுகிறேன். எழுதித் தரட்டும், தலைவர் பொறுக்கி எடுத்துக் கேட்கட்டும். உள்ளங்கை அகலத் தாளில் பிரசங்கம் எழுத இடம் இருக்காது.

நேரம் போதாது என்பதை நான் ஏற்கவில்லை. பட்டம், பதவி வாசிக்கும் அறிமுகத்தைச் சுருக்கினாலே ஐந்து நிமிடம் மிஞ்சும். உரையை இருபதிலிருந்து பதினைந்தாக்கினால் இன்னொரு ஐந்து. பெரிய மனிதர்கள் வரமாட்டார்கள் என்றால், வருகிறவர்களை அழைப்போம். இந்த ஊரில் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மதகு திறந்து மூடியவர், பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தவர், சத்துணவு அமைப்பாளர், கட்டுமரத்தில் தொடங்கி இன்று விசைப்படகில் போகிறவர் என்று எத்தனையோ பேர்.

எனக்கு வருத்தம் தந்த ஒரு வாதம் மட்டும் உண்டு. அன்று சூளை முதலாளியைப் பொதுவில் வைத்துக் கேள்வி கேட்டது அவரை அவமானப்படுத்தியது போல ஆகிவிட்டது, இதெல்லாம் நட்புக்காக நடத்தும் சங்கத்தில் தேவையா என்றார்கள். அப்படிச் சொன்ன கூட்டத்தில் சூளைக்காரரும் இருந்தார். அவரே எழுந்து, "என்னை யாரும் அவமானப்படுத்தவில்லை. என்னால் ஆகக்கூடிய காரியம் எது என்று முதல் தடவையாக ஒருவர் கேட்டார்" என்றார். அதற்கு மேல் யாரும் அதைப் பேசவில்லை.

இந்தச் சங்கங்கள் எதற்காகத் தோன்றின என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது. 1905 பிப்ரவரி 23 அன்று சிக்காகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று பேரோடு உட்கார்ந்தார். ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்காரர். தொழிலுக்கு ஒருவர் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவருடைய தொழிலிடத்தில் கூடினார்கள். அதாவது, அடுத்தவர் என்ன வேலை செய்கிறார், எங்கே செய்கிறார் என்று பார்ப்பதிலிருந்துதான் அது ஆரம்பித்தது. கொடுப்பதையும் சோறு போடுவதையும் நாம் அங்கிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் மாவட்டத்தில் வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருக்கிறது. பசி என்று வந்தவரிடம் சாதியும் ஊரும் கேட்காத இடம் அது. ஆனால் சூளைக்காரரும் மருத்துவரும் ஒப்பந்தக்காரரும் ஆசிரியரும் அச்சகக்காரரும் வாரம் ஒருமுறை தவறாமல் ஒரே மேசையில் உட்காரும் ஏற்பாடு நம் ஊரில் வேறு எங்கும் எனக்குத் தெரிந்து இல்லை. நான் ஆண்டுதோறும் அச்சிடும் உறுப்பினர் கையேட்டில் பெயர், தொழில், இரத்த வகை, திருமண நாள் எல்லாம் இருக்கும். திருமண நாளுக்கு வாழ்த்துச் சொல்ல அதைப் பயன்படுத்துகிறோம். தொழில் என்ற பத்தியை அந்தச் செவிலியர்தான் முதலில் பயன்படுத்தினார்.

விருந்தினர் வந்து கேட்டதால் ஒரு சங்கத்தின் போக்கே மாறிய வரலாறும் இருக்கிறது. 1925 ஜூன் 30 அன்று அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் சீடர் பாயின்ட் என்ற இடத்தில் அரிமா சங்கங்களின் மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். சங்கம் தொடங்கி எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்ணும் காதும் இழந்து சாதித்த பெண்மணி. புகழ்ந்து கைதட்டி அனுப்பியிருக்கலாம். அவர் வந்தது கேட்பதற்காக. பார்வையற்றவர்களுக்காகப் போரிடும் வீரர்களாக நீங்கள் இருக்கமாட்டீர்களா என்று நேரடியாகக் கேட்டார். அரிமாக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நம் ஊர்களில் இன்றும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அரிமா சங்கத்தின் கண் சிகிச்சை முகாம் நடக்கிறது. கண்புரைக்காரர்களை ஏற்றிக்கொண்டு தவளக்குப்பம் அரவிந்த் மருத்துவமனைக்கு வண்டிகள் போகின்றன. இதன் நூல் அந்த ஒரு பேச்சு வரை போகிறது. போலியோவும் அப்படித்தான். 1985 இல் ரோட்டரி 12 கோடி டாலர் திரட்டுவதாக அறிவித்து, 1988 க்குள் 24.7 கோடி டாலர் திரட்டிவிட்டது. அது மகத்தான தொகை. இருந்தும் இந்தியாவில் கடைசி நோயாளி வர மேலும் இருபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன. பணம் குப்பியை வாங்கித் தந்தது. குப்பியைச் சூளை வரை கொண்டுபோகச் சூளை எங்கே இருக்கிறது, ஆள் என்றைக்கு இறங்குகிறார்கள் என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

தை பிறந்ததும் எங்கள் சூளைக்காரர் சொன்னபடி செய்தார். லாரி வந்த அன்று மாலையே மேஸ்திரி போன் செய்தார். இப்போது பணியில் இருக்கும் செவிலியர் மறுநாள் போனார். சில குழந்தைகளின் தடுப்பூசி அட்டை சொந்த ஊரிலேயே தங்கிவிட்டிருந்தது. ஒரு பெண்ணுக்கு மாசம் ஏழு; எந்தப் பதிவிலும் இல்லை. அவரையும் சேர்த்து எழுதிக்கொண்டார்கள். மேஸ்திரியின் கூலி நோட்டில் ஜோடிகளின் பெயருக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பத்தி போடச் சொல்லிவிட்டதாகச் சூளைக்காரர் என்னிடம் சொன்னார். ஒப்பந்தக்காரர் எண் கொடுத்திருக்கிறார். முந்திரிக்காரர் இன்னும் கொடுக்கவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி நேரத்தை மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது என்று நிர்வாகக் குழு இப்போதைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. அழைப்புக் கடிதத்தில் நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எங்களிடம் என்ன கேட்க வேண்டுமோ அதையும் யோசித்துக்கொண்டு வாருங்கள். வரும் வியாழன் பேசப் போகிறவர் முதுநகர் துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து போய் விற்கும் அம்மா. கடிதத்தைக் கொடுத்தபோது அவர் யோசிக்கவே இல்லை. "கூடையைப் பார்த்தால் சில பஸ்ஸில் ஏற விடமாட்டேன் என்கிறார்கள். உங்கள் ஆட்களில் பஸ் வைத்திருப்பவர் யாராவது உண்டா தம்பி?" என்று கேட்டார். எங்கள் சங்கத்தில் தனியார் பஸ் முதலாளி ஒருவர் இருக்கிறார். மாதத்தில் ஒரு கூட்டத்துக்குத்தான் வருவார். நேற்று அவர் அலுவலகத்துக்கே போய், இந்த வியாழன் கட்டாயம் வர வேண்டும், யார் பேசப் போகிறார், என்ன கேட்கப் போகிறார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.